சிறுநீர்ப்பை பொறுத்துக்கொள்ளும் காலம்

(தாம்பரத்தில் மூத்த குடிமக்கள் கூட்டமொன்றில் சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று பேசப்போகும் புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உரிய உறுப்பு. ஆனாலும் அதைப் பற்றி முதலில் வாய் திறப்பவர்கள் பெரும்பாலும் இங்கே வந்திருக்கும் அம்மாக்களாகிய நீங்கள்தான். "ராத்திரி அஞ்சு தடவை எழுந்திருக்கார் டாக்டர், கேட்டா ஒண்ணுமில்லைங்கறார்" என்று என்னிடம் சொல்வது மனைவிதான். கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஊரில் இந்தத் தொல்லை எப்படித் தலைகாட்டுகிறது என்று சொல்கிறேன். சென்னை கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தப் புறநகர் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று மனை வாங்கி வீடு கட்டியவர்களில் எத்தனையோ பேர் பணிக்காலம் முழுவதும் அந்த வண்டியில் போய் வந்தவர்கள். மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. ஐம்பது வயதுவரை அது யாருக்கும் உறைப்பதில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு, பூங்கா நிலையம்வரை அடக்கிக்கொண்டு போய்விட முடியுமா என்ற கணக்கு வண்டி ஏறும்போதே மனதில் ஓடுகிறது. பிறகு கல்யாணத்துக்குப் போவது குறைகிறது. கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏற வேண்டிய நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. கோவிலுக்குப் போனால் வரிசை நீளமாக இருக்குமே என்று வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இவ்வளவையும் ஒரு மனிதர் யாரிடமும் சொல்லாமல் செய்துகொள்கிறார். கேட்டால், "வயசானா இப்படித்தான்" என்கிறார்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் வீக்கத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது சிறுநீர்ப்பையை. புராஸ்டேட் எத்தனை கிராம் என்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும், 'அறுவை சிகிச்சை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறவர்களும் அந்தச் சிறுநீர்ப்பையைத்தான் மறந்துவிடுகிறார்கள். அது நெடுநாள் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளும் காலம் முடிந்த பிறகு செய்யும் அறுவை சிகிச்சையால் பாதி நன்மைதான் கிடைக்கும். சிலருக்கு அதுவும் கிடைக்காது.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பை முடியும் இடத்தில், சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. விந்துவோடு கலக்கும் திரவத்தில் ஒரு பங்கு இங்கே சுரக்கிறது. இளவயதில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். நாற்பதுக்கு மேல், குழாயை ஒட்டிய உட்பகுதி மெல்ல மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் சுமார் பாதிப்பேருக்கு இந்தப் பெருக்கத்தை நுண்ணோக்கியில் பார்க்கலாம். எண்பதைக் கடந்தவர்களில் பத்தில் எட்டுப்பேருக்குமேல் இருக்கும். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒரே சுரப்பியில் ஒரே வயதில் வரக்கூடியவை என்பதால் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்தே தேடுகிறோம், அவ்வளவுதான்.

வேறு எதற்காகவோ வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். அறிக்கையில் 'புராஸ்டேட் 52 கிராம்' என்று இருக்கும். அன்று இரவிலிருந்து தூக்கம் போய்விடும். அமெரிக்காவில் இருக்கும் மகன் வாட்ஸப்பில் அறிக்கையைக் கேட்பார். அவர் பத்துப் பேரைக் கேட்பார். ஆனால் 90 கிராம் சுரப்பியை வைத்துக்கொண்டு தாராளமாகச் சிறுநீர் கழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 30 கிராம் சுரப்பியின் நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் நீட்டிக்கொண்டு வாயை அடைத்து, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சை தேவையா என்பதை அந்த எண் தீர்மானிப்பதில்லை. தேவை என்று ஆனபின், எந்த முறையில் செய்வது என்று முடிவெடுக்கும்போதுதான் அதற்கு வேலை.

சரி, சிறுநீர்ப்பைக்கு வருவோம். அது தசையால் ஆன பை. சாதாரணமாக 400, 500 மில்லிலிட்டர் பிடிக்கும். நிரம்பும்போது தளர்ந்து இடம் கொடுக்கும், வெளியேற்றும்போது சுருங்கும். வழி குறுகினால் முதலில் அது கூடுதல் பலத்தோடு தள்ளுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் பலருக்கு எதுவும் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் நின்றால் வந்துவிடுகிறது என்று இருந்துவிடுகிறார்கள். பலமாகத் தள்ளித் தள்ளித் தசை தடிக்கிறது. தடித்த தசை எளிதில் எரிச்சலுறும். பை முழுக்க நிரம்பும் முன்பே 'போ, போ' என்று துரத்தும். அவசரம் வருகிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் ரயிலும் கல்யாண மண்டபமும் பிரச்சினையாகின்றன.

கவனிக்காமல் விட்டால் தடித்த தசை நார்களுக்கு நடுவே சுவர் பிதுங்கிச் சிறுசிறு பைகளாகத் தொங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுநீர் மிச்சம் தங்கும். தேங்கியதில் கிருமி வளரும், கல் சேரும். பிறகு தசையின் பலமே போய்விடுகிறது. பை பெரிதாகிக் கிடக்கும், சுருங்காது. ஒரு லிட்டர் தேங்கியிருந்தாலும் வலி இருக்காது. வலி இல்லாததால் நோயாளி மருத்துவரிடம் போகமாட்டார். மேலே சிறுநீரகங்களிலிருந்து இறங்கி வரும் நீருக்கு இடம் இல்லாமல் அவையும் வீங்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும். காலில் வீக்கம், பசியின்மை, களைப்பு என்று பொது மருத்துவரிடம் போய், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்து, அதன் பிறகு எங்களிடம் அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். புராஸ்டேட்டை யாருமே சந்தேகிக்கவில்லை. அவர்களுக்குத்தான் வலியே இல்லையே.

இதில் ஓர் அறிகுறியை இங்குள்ள ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை அப்படி இல்லாத ஒரு பெரியவருக்குப் புதிதாக இரவில் படுக்கை நனைந்தால், முதுமை என்று நினைத்து ரப்பர் ஷீட் வாங்கப் போகாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் வெட்கத்தில் மறைப்பார். துணி துவைக்கிறவர்களுக்குத்தான் அது முதலில் தெரியும். அதனால்தான் இந்தக் கூட்டத்துக்குப் பெண்களும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் போனில் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறார்கள். "அப்பா, ஒண்ணுக்கு சரியாப் போகுதா?" என்று கேட்பவர்கள் குறைவு. கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இரவில் எழுந்திருப்பவர்கள் எல்லாருக்கும் காரணம் புராஸ்டேட் இல்லை. பகலில் காலில் தங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராக இறங்கும். கட்டுப்படாத சர்க்கரை, சாயங்காலம் போட்டுக்கொள்ளும் நீர் பிரியும் மாத்திரை, குறட்டையோடு மூச்சு தடைப்படும் தூக்கம், ஒன்பது மணிக்குக் குடிக்கும் காபி எல்லாமே காரணமாகலாம். நெடுநாள் சர்க்கரை நோயும் பக்கவாதமும் நடுக்குவாதமும் சிறுநீர்ப்பையின் நரம்புகளையே பாதிக்கும். அப்படிப்பட்டவருக்குச் சுரப்பியை அகற்றினாலும் தொல்லை தீராது. எனவே மூன்று நாட்களுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வரச் சொல்வேன். அளவுக் குவளை ஒன்றும் பழைய டைரி ஒன்றும் போதும். அந்தத் தாள் பல ஸ்கேன்களைவிட எனக்கு உதவியிருக்கிறது.

பரிசோதனைகள் எளிமையானவை. ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் வரை, மொத்தம் 35. ஏழு வரை இருந்தால் லேசானது, 20-ஐத் தொட்டால் கடுமையானது. ஒரு கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்லி வேகத்தை அளப்போம். விநாடிக்கு 15 மில்லிலிட்டருக்குமேல் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 10-க்குக் கீழே போனால் தடை இருக்கலாம், அல்லது தசை தளர்ந்திருக்கலாம். கழித்த பின் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன். சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின், புற்றுநோயை மனதில் வைத்து பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. தடையா, தளர்ந்த தசையா என்ற சந்தேகம் தீராதவர்களுக்கு மட்டும் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தம் பார்க்கும் சோதனை. அறுவை சிகிச்சையை முடிவு செய்யும் முன் 'மிச்சம் எவ்வளவு, வேகம் எவ்வளவு' என்ற இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் போன்றவை சிறுநீர்ப்பை வாயின் தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். சுரப்பியைச் சுருக்காது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறோம் என்று கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து கண்பாவை சுருங்கிவிடும் என்பது 2005-இல் வெளிவந்த ஆய்விலிருந்து எல்லாக் கண் மருத்துவர்களுக்கும் தெரியும், முன்கூட்டிச் சொன்னால் தயாராக இருப்பார்கள். ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு வேறு வகை. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருந்த குடும்பங்களை 1974-இல் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த ஆண்களுக்கு வயதானாலும் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுத்தால் என்ன என்ற யோசனையிலிருந்து வந்த மருந்துதான் 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டெரைடு. பெரிய சுரப்பிகளை மெல்லச் சுருக்கும். ஆறு மாதம் பொறுமை வேண்டும். இது பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் என்பதால், 3 என்று வந்திருப்பதை 6 என்று வாசிக்க வேண்டும்.

தாம்பரத்தில் பேசிக்கொண்டு சித்த மருத்துவத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. தேசிய சித்த மருத்துவ நிறுவனமே சானடோரியத்தில் இருக்கிறது. நெருஞ்சில் குடிநீர் குடித்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் நிறைய. அதை விடச் சொல்லி நான் சண்டை போடுவதில்லை. எந்த மருத்துவத்தை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பாருங்கள், கிரியாட்டினின் பாருங்கள். அவை ஏறிக்கொண்டே போனால் மருந்து மாற்றி மருந்து தேடும் காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

அறுவை சிகிச்சை எப்போது? மருந்து சாப்பிட்டும் தொல்லை வாழ்க்கையை முடக்கினால் அது உங்கள் விருப்பம். உங்களுக்குப் போதும் என்றால் போதும். ஆனால் சில நிலைகளில் விருப்பத்துக்கு இடம் குறைவு. அடைப்புக்காகச் சிறுநீர்ப்பைக்குள் போட்ட டியூபை எடுத்தபின் மறுபடியும் மறுபடியும் அடைத்துக்கொள்வது, தேக்கத்தால் சிறுநீரகம் வீங்கிக் கிரியாட்டினின் ஏறுவது, சிறுநீர்ப்பையில் கல், திரும்பத் திரும்ப வரும் தொற்று, நிற்காமல் வரும் ரத்தம். இவற்றில் ஒன்று வந்துவிட்டால் நான் தயங்காமல் சொல்வேன்: செய்துகொள்ளுங்கள்.

திடீர் அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சளிக்கு மருந்துக்கடையில் நாமாகவே வாங்கிப் போடும் மாத்திரை பலருக்கு அதைத் தூண்டிவிடுகிறது. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து சிறுநீர்ப்பை வாயை இறுக்குகிறது. மலச்சிக்கலும் மதுவும் நீண்ட பயணத்தில் அடக்கிக்கொள்வதும் அப்படியே. அடைத்துவிட்டால் அடிவயிறு கல்லாகி உயிர் போகும் வலி. அருகில் உள்ள எந்த மருத்துவமனைக்கும் போய் டியூப் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கொடுத்துச் சில நாட்களில் டியூப் எடுத்துப் பார்த்தால் சுமார் பாதிப்பேருக்குத் தானாகப் போகும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு 2015 டிசம்பர் மறந்திருக்காது. வெள்ளத்தில் தெருவே தெரியாத இரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்டு, தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், ஐப்பசி கார்த்திகைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இந்த அறுவை சிகிச்சையின் கதைக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பீட்டர் ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர் 1875-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வட இந்தியாவில் இருபது ஆண்டுகள் அளவில் வேலை பார்த்தார். சிறுநீர்ப்பைக் கல்லை உள்ளேயே நொறுக்கி எடுப்பதில் பெயர் பெற்றவர். ராம்பூர் நவாபுக்குச் சிகிச்சை செய்து ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதால் அரசாங்கத்தோடு பெரிய தகராறே நடந்தது. லண்டனுக்குத் திரும்பி, 1900 டிசம்பரில், அடிவயிற்றையும் சிறுநீர்ப்பையையும் திறந்து விரலாலேயே வீங்கிய சுரப்பியை முழுதாகப் பிரித்து எடுத்தார். நியூயார்க்கில் யூஜீன் ஃபுல்லர் 1894-லேயே இதைச் செய்திருந்தார். அந்தப் பெருமையை ஃப்ரேயர் பகிர்ந்துகொள்ளவில்லை என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான மனக்கசப்பு. ஆனால் வயதானவர்களின் இந்தத் துன்பத்துக்கு அறுவையால் விடிவு உண்டு என்று உலகத்தை நம்பவைத்தவர் ஃப்ரேயர்தான். அதற்கு முன் எத்தனையோ முதியவர்கள் தாங்களே உலோகக் குழாயைச் செலுத்திச் செலுத்தி, கடைசியில் தொற்றால் இறந்தார்கள். லண்டனில் பணியாற்றிய டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறக்காமல் சுரப்பியின் முன்பக்கம் வழியாகவே எடுக்கும் முறையை 1945-இல் வெளியிட்டார். மிகப் பெரிய சுரப்பிகளுக்குச் சில இடங்களில் இன்றும் திறந்த அறுவை நடக்கிறது.

ஃப்ரேயரின் விரல் எங்கே போனது என்று புரிந்துகொண்டால் இன்றைய எல்லா முறைகளும் புரியும். கமலா ஆரஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்திருப்பது உள்ளே இருக்கும் சுளை. பழைய, இயல்பான புராஸ்டேட் நெருக்கப்பட்டுத் தோலாக வெளியே ஒதுங்கியிருக்கிறது. அறுவையில் சுளையைத்தான் எடுக்கிறோம், தோலை விட்டுவிடுகிறோம். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அந்தத் தோல் பகுதியில். ஆகவே அறுவை செய்துகொண்டவர்களும் பின்னாளில் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். 'எடுத்தாச்சே, இனி கேன்சர் வராதே' என்று நினைப்பது பெரிய தவறு.

டி.யு.ஆர்.பி. என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுளையை உள்ளிருந்து சீவிச் சீவி எடுப்பது. மேக்ஸிமிலியன் ஸ்டெர்ன் 1926-இல் இதற்கான கருவியை உருவாக்கினார். பிறகு ஹரால்ட் ஹாப்கின்ஸ் கண்டுபிடித்த கண்ணாடித் தண்டு லென்ஸ்களால் உள்ளே தெளிவாகப் பார்க்க முடிந்தது. வெளியே வெட்டு இல்லை, தையல் இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறோம்; நோயாளி விழித்தே இருப்பார், விரும்பினால் திரையில் பார்க்கலாம். மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவிய துண்டுகளைக் கழுவி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம். முன்பு கிளைசின் என்ற திரவத்தை ஊற்றிக்கொண்டே செய்வோம். அது ரத்தத்தில் அதிகம் கலந்தால் சோடியம் இறங்கி மனக்குழப்பம், வலிப்புவரை போகும். எனவே ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. இப்போது பைபோலார் கருவியில் சாதாரண சலைனிலேயே செய்யலாம். அந்தப் பயம் பெரிதும் நீங்கிவிட்டது. எங்கே செய்துகொண்டாலும் 'பைபோலாரா?' என்று கேளுங்கள். 80 கிராம் வரை உள்ள சுரப்பிகளுக்கு இதுவே இன்றும் நம்பகமான முறை.

அடுத்தது லேசர். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியில் போனாலே இந்தச் சொல்லைப் பல பலகைகளில் பார்க்கலாம். ஆனால் லேசர் ஒரு கருவி. அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. பச்சை லேசரால் திசுவை ஆவியாக்குவது ஒன்று. அதில் சோதனைக்கு அனுப்பத் துண்டு கிடைக்காது. ஹோல்மியம் லேசரால் சுளையைத் தோலிலிருந்து முழுதாகப் பிரித்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே பொடியாக்கி உறிஞ்சி எடுப்பது மற்றொன்று. நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் 1990-களில் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு ஹோலெப் என்று பெயர். பார்த்தால் ஃப்ரேயரின் விரல் போன அதே பாதை, வயிற்றைத் திறக்காமல். 150 கிராம் சுரப்பியையும் இப்படி எடுக்கலாம். ரத்த இழப்பு குறைவு, டியூப் விரைவில் எடுக்கலாம், மறுபடி வளர்ந்து வருவது அரிது. ஆனால் கற்றுத் தேற வெகுகாலம் பிடிக்கும். கருவியின் விலையைவிட அதைப் பிடித்திருக்கும் கையின் பழக்கம் முக்கியம். 'நீங்கள் இதை அடிக்கடி செய்கிறீர்களா?' என்று மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. 50 கிராம் சுரப்பிக்கு, பழகிய கையால் செய்யும் டி.யு.ஆர்.பி., பழகாத கையின் லேசரைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. லேசர் என்ற சொல்லுக்காகக் கடன் வாங்காதீர்கள்.

இனி, பலரும் கேட்கக் கூசும் விஷயம். இந்த அறுவைக்குப் பிறகு உடலுறவில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது மிகச் சாதாரணம். மூன்றில் இரண்டு பேருக்கு, சில முறைகளில் அதற்கும் மேல். உடலுக்குத் தீங்கில்லை, அடுத்து சிறுநீர் கழிக்கும்போது வெளியேறிவிடும். விறைப்புத்தன்மை பெரும்பாலானவர்களுக்கு முன்பு இருந்தபடியே இருக்கும். எழுபது வயதில் இதெல்லாம் எதற்கு என்று எந்த மருத்துவரும் முடிவு செய்யக் கூடாது. அறுவைக்கு முன்பே கணவனும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. சிலருக்குச் சில வாரங்கள் இருமும்போது சொட்டும், ஹோலெப்புக்குப் பின் கொஞ்சம் அதிகமாக; இடுப்புத் தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிரந்தரக் கசிவு அரிது. பின்னாளில் குழாய் சுருங்கி மறுபடி அடைப்பு வருவதும் சிலருக்கு உண்டு.

வயதைச் சொல்லிப் பின்வாங்காதீர்கள். எண்பத்திரண்டு வயதில் நன்றாக நடமாடுகிறவர் அறுபத்தைந்து வயது இதய நோயாளியைவிட இந்த அறுவையை எளிதாகத் தாங்குவார். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை யார் சொன்னாலும் தாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவெடுப்போம். நிறுத்தவே முடியாதவர்களுக்கு லேசர் உண்மையிலேயே கைகொடுக்கிறது. மிகவும் தளர்ந்து, எந்த அறுவையும் தாங்காதவர்களுக்கு டியூபே வழி என்றால் அதையும் ஒழுங்காகப் பராமரிக்கலாம். காலம் தவறாமல் மாற்ற வேண்டும். சிலிகான் டியூபை அதிகபட்சம் மூன்று மாதம், ரப்பர் டியூபைச் சில வாரங்கள். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். அறுவை தாங்கக்கூடிய ஒருவரைச் செலவுக்கும் பயத்துக்கும் அஞ்சி ஆண்டுக்கணக்கில் டியூபோடு வைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

செலவு என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ரயில் பாதையிலேயே ஒரு பக்கம் பூங்கா நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மறுபக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நடுவே கிண்டியில் 2023 ஜூனில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அடைப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே ஓய்வூதியர்களுக்குப் பெரம்பூர் மருத்துவமனை இருக்கிறது; விமானப்படையிலும் தரைப்படையிலும் இருந்தவர்களுக்கு இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்ததும் பெரிய சலைன் பாட்டில்கள் மூன்று வழி டியூபின் வழியாக ஓடிக்கொண்டிருக்கும். பையில் சிவந்த நீரைப் பார்த்துக் குடும்பம் மிரளும். ரோஜா நிறம் எதிர்பார்த்ததே. கட்டி கட்டியாக வந்து நின்றுபோனால் மட்டும் நர்ஸைக் கூப்பிடுங்கள். டியூப் இரண்டு மூன்று நாளில் வெளியே வரும். எரிச்சலும் அவசரமும் ஒரு மாதம்போல் இருக்கும். சிறுநீர்ப்பை தன் பழைய பழக்கத்தை விட அவ்வளவு காலம் கேட்கிறது. பத்து நாள் கழித்து உள்ளே பொருக்கு உதிரும்போது மறுபடி கொஞ்சம் ரத்தம் தெரியலாம். தண்ணீர் நிறையக் குடித்தால் தெளிந்துவிடும், தெளியாவிட்டால் வாருங்கள். ஆறு வாரம் ஸ்கூட்டர் வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். இந்தப் பகுதியில் அறுவைக்குப் பின் ரத்தம் வந்து திரும்பி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே அந்தக் கேனைப் பற்றித்தான். முக்காமல் மலம் போக வேண்டும். கீரையும் வாழைப்பழமும் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் சோதனை அறிக்கையை வாங்க மறக்காதீர்கள், அதைக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வேகமும் மிச்சமும் பார்ப்போம், அப்போதைய பி.எஸ்.ஏ. எண்தான் இனி உங்கள் அடிப்படை அளவு.

இனி உங்கள் கேள்விகள். எழுந்து கேட்க விருப்பமில்லாதவர்கள் நாற்காலியில் வைத்திருக்கும் தாளில் எழுதி முன்னே அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம். வயதும், சாப்பிடும் மருந்துகளும், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்பதும் இருந்தால் போதும்.